இருபத்தைந்தாவது நிமிடம்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு பெயர். நேரில் ‘பெரிய சிஸ்டர்’. முதுகுக்குப் பின்னால் ‘உத்தரவம்மா’. இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ், அதில் பதினொரு வருஷம் இரண்டாம் மாடி வார்டுக்குப் பொறுப்பு. திருப்பிப் படுக்க வை, டிரிப்பை மாத்து, கையைக் கழுவு, வாயை மூடு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை உத்தரவு போட்டே வாழ்ந்தவள். டாக்டர்களே அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சுதான், ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா?

அப்பேர்ப்பட்டவளுக்குப் போய் கோச் ஆகவேண்டும் என்று தலையெழுத்து. விசில் ஊதி ஓடச் சொல்லுகிற கோச் இல்லை இது. எதிரே ஒருத்தரை உட்கார வைத்துக் கேள்வி மட்டும் கேட்டு, அவர் வாயாலேயே அவர் சிக்கலுக்கு வழி கண்டுபிடிக்க வைக்கிற கோச். புத்தி சொல்லக் கூடாது. ‘இப்படிச் செய்’ என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்தாலும் மார்க் போச்சு. உத்தரவம்மாவுக்கு இதைவிட ஒரு தண்டனையை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எல்லாம் வலது முழங்காலால் வந்த வினை. மூட்டு தேய்ந்துபோய், சாயங்காலமானால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். நிர்வாக அதிகாரி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இனி வார்டில் நிற்க முடியாது. ஊழியர்களுக்கென்று ஒரு கோச் வைக்கப் போகிறோம், மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வாங்கினால் அந்த இடம் உங்களுக்கு. வாங்காவிட்டால் அடித்தளத்தில் துணிக்கிடங்கு, படுக்கை விரிப்பு எண்ணி அனுப்புகிற வேலை. “அங்கேயும் நாற்காலி இருக்கு சிஸ்டர்” என்றார், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மனுஷர்களைப் பார்த்துக்கொண்ட கை இனித் தலையணை உறைகளை எண்ணவேண்டுமா என்ற நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை.

எனவே படித்தாள். வகுப்பு முடிந்தது, நூறு மணி நேரப் பயிற்சி முடிந்தது, எழுத்துத் தேர்விலும் தேறியாயிற்று. வீட்டில் கேள்வி கேட்டுப் பழகியதில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அவள் கணவருக்குத்தான் பொறுமை போனது. “உப்பு எங்க இருக்குன்னு கேட்டா, ‘உப்பு இல்லாம இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு’ன்னு கேக்குறா. உப்புச்சப்பில்லாமதான் இருக்கு, வேற எப்படி இருக்கும்?” என்று மகளிடம் புலம்பினார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. உண்மையான ஒருவரோடு உண்மையான ஒரு பேச்சைப் பதிவு செய்து அனுப்பவேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது, தனக்குக் கீழே வேலை செய்பவராகவும் இருக்கக் கூடாது. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு நொடி குறைந்தாலும் இணையதளம் ஏற்றுக்கொள்ளாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. இரண்டு தடவை அனுப்பினாள், இரண்டு தடவையும் கோவிந்தா. முதல் அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: ‘ஏழாவது நிமிடம், கோச் ஆலோசனை கூறுகிறார். பதினோராவது நிமிடம், கோச் ஆலோசனை கூறுகிறார். பதினாறாவது நிமிடம், கோச் கண்டிக்கிறார்.’

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. கெடு இன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணி. பேச ஒப்புக்கொண்டிருந்தவர் முந்தாநாள் காய்ச்சலில் விழுந்துவிட்டதால் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் நேரத்துக்கு வந்து நின்றது. கடைசியில் நாலாம் மாடியில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு சின்னப் பெண், “நான் வரேன் சிஸ்டர்” என்று அவளாகவே வந்து சொன்னாள். குரல் வெளியே வராத பெண். கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு ‘மியூட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தரைத்தளத்தில் முன்பு ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்த சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், ஒரு இன்டர்காம். சரியாக ஒன்பது முப்பத்தைந்துக்கு உத்தரவம்மா கைபேசியை மேஜைமேல் வைத்துப் பதிவைத் தொடங்கினாள். திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன. மியூட்டு இரவெல்லாம் விழித்த கண்ணோடு, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கு எதைப் பத்திப் பேசலாம்னு நினைக்கிறீங்க?” என்று ஆரம்பித்தாள் உத்தரவம்மா. வார்டில் இந்த வயசுப் பெண்களை அவள் ‘நீ’ என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. கோச் என்றால் ‘நீங்க’தான், அதுவும் விதி.

“ஹேண்ட்ஓவர் பத்தி சிஸ்டர்.” ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்து வருகிறவர்களிடம் சொல்லி ஒப்படைப்பதைத்தான் சொன்னாள். “எங்க வார்டு இன்சார்ஜ் முன்னாடி நின்னா எனக்குக் குரலே வர்றதில்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு.”

“இந்தப் பேச்சு முடியறப்போ உங்களுக்கு என்ன கிடைச்சிருந்தா நல்லா இருக்கும்?”

“தைரியம்.”

‘தலையை நிமிர்த்து, வயித்துலேர்ந்து பேசு, இன்சார்ஜ் என்ன புலியா?’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். மென்டர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வழிகாட்டியாக இருந்த அந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒவ்வொரு வகுப்பிலும் தலைபாடாக அடித்துக்கொண்டது இதைத்தான்: “கதைக்குப் பின்னாடி போகாதீங்க சிஸ்டர். யாரு, எங்க, எப்போன்னு தோண்டாதீங்க. அது விசாரணை. ஆளுக்குப் பின்னாடி போங்க. ஒரு கேள்வி கேட்டுட்டு, மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணுங்க. பதில் தானா வரும்.”

அப்படியே செய்தாள். கேட்டாள், எண்ணினாள். பத்து நிமிடம் போயிற்று, பதினைந்து போயிற்று. ஒரு புத்திமதி வரவில்லை, ஒரு கண்டிப்பு வரவில்லை. அவளுக்கே ஆச்சரியம். இந்தத் தடவை கரை ஏறிவிடுவோம் என்று வயிற்றுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

“வேற ஒண்ணு வாயில வருதுன்னீங்களே, அந்த நேரத்துல உங்களுக்குள்ள என்ன நடக்குது?”

ஒன்று, இரண்டு, மூன்று. மியூட்டு பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். ஐந்து, ஆறு.

“பயம் சிஸ்டர். திட்டு வாங்கக் கூடாதுன்னு எதையாவது சொல்லிடறேன். இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணு சொன்னேன்.” குரல் இன்னும் இறங்கியது. “அது பொய்.”

பழைய உத்தரவம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் நாற்காலியே கவிழ்ந்திருக்கும். என்ன பொய்? யார்கிட்ட? எந்த நோயாளி? ஹேண்ட்ஓவரில் சொன்ன பொய் என்பது வார்டில் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் சொல்லுகிற பொய்யும் இல்லை. ஆனால் அந்த மூன்று கேள்வியும் மென்டர் கூடாது என்றவை. திரையில் பதினெட்டு நிமிடம் ஐந்து நொடி. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரலில் தேன் தடவிக் கேட்டாள்:

“அந்தப் பொய் இப்போ உங்களை என்ன பண்ணிட்டிருக்கு?”

எப்பேர்ப்பட்ட கேள்வி! பாடப்புத்தகத்தில் அச்சடித்துப் போடலாம். மியூட்டுவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. உத்தரவம்மா கைக்குட்டையை நீட்டவில்லை, தேற்றவில்லை, அமைதியாகக் காத்திருந்தாள். அந்த அமைதிக்குத் தனியாக மார்க் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

“தின்னுது சிஸ்டர். ரெண்டு மணி நேரமா கேன்டீன்லயே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய் சொல்லிடலாம்னு படிக்கட்டு வரைக்கும் போனேன். கால் வரல.” மூக்கை உறிஞ்சினாள். “ஏழாம் பெட்டுக்குக் காலை ஊசியை நிறுத்தியாச்சான்னு இன்சார்ஜ் கேட்டாங்க. நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டேன். ஆனா நான் ஆறரைக்கே ஊசி போட்டுட்டேன். ஏழாம் பெட்டு தையல்காரருக்கு. பத்து யூனிட் இன்சுலின். போட்ட பிறகுதான் ஷீட்டைப் பார்த்தேன். ஸ்கேன் இருக்கு, வெறும் வயித்துல வைக்கணும், காலை இன்சுலின் வேண்டாம்னு டாக்டர் எழுதியிருந்தாரு.”

இருபத்தொரு நிமிடம் இருபது நொடி. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தாறு.

இன்சுலின் என்ன செய்யும் என்று உத்தரவம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும். ஊசி போட்டால் பின்னாலேயே சாப்பாடு போகவேண்டும். போகாவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். முதலில் வியர்வை, பிறகு உளறல், பிறகு வலிப்பு, அதற்கும் பிறகு வருவதைச் சொல்ல வேண்டாம். ஆறரையிலிருந்து மூன்றரை மணி நேரம். நாலாம் மாடியில் ஒரு மனுஷர் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார். ஊசி போட்ட விஷயம் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

அவள் எழுந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஊறின கால்கள் எழுந்திருக்கத்தான் பார்த்தன. முழங்கால் மேஜைக்கு அடியில் அசைந்தது. ஆனால் கண் திரைக்குப் போனது. இன்னும் மூன்று நிமிடம் நாற்பது நொடி.

மனசு இருக்கிறதே, அது வக்கீல் வேலையை யாரிடமும் படிக்காமலே பார்க்கும். தையல்காரருக்கு எப்போதும் சர்க்கரை ஏறித்தானே இருக்கும், பத்து யூனிட் பெரிய அளவில்லை என்றது. பத்தரைக்கு ஸ்கேனுக்கு முன்னால் எப்படியும் சர்க்கரை பார்ப்பார்கள் என்றது. மூணு நிமிஷத்தில் ஒன்றும் முழுகிவிடாது என்றது. கடைசியாக ஒன்று சொன்னது பாருங்கள், அதுதான் பெரிய கில்லாடித்தனம்: இந்தப் பெண்ணே தன் வாயால் முடிவெடுக்கட்டும், அதுதானே கோச்சிங். அவள் அதை நம்பினாளா? நம்ப வேண்டியிருந்தது, நம்பினாள்.

“இதை என்கிட்ட சொல்றப்போ உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

கேட்ட குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. மியூட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து கல்லை இறக்கின மாதிரி இருக்கிறது என்றாள், பயமாகவும் இருக்கிறது என்றாள். ஏதேதோ சொன்னாள். உத்தரவம்மா தலையாட்டினாள். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை. இருபத்திரண்டு ஐம்பது.

“இப்போ என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தோணுது?”

ஏழு வரைக்கும் எண்ணினாள். ஏழு தாண்டியது. அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம். எண்ணுவதை நிறுத்தாமல் பன்னிரண்டு வரைக்கும் போனாள். மியூட்டு நிமிர்ந்தாள்.

“போய் சொல்லணும் சிஸ்டர். இப்பவே.” சொல்லிக்கொண்டே பையைத் தோளில் மாட்டி எழுந்தாள்.

இருபத்து நாலு ஐந்து.

எல்லாம் முடிந்தது. அந்தப் பெண் வழி கண்டுபிடித்துவிட்டாள். எழுந்தும் விட்டாள். கதவு மூன்றடி தூரத்தில். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் போதும், அவள் போயிருப்பாள். ஐம்பத்தைந்து நொடி குறைகிறதே! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க உத்தரவம்மாவுக்கு மனசு வரவில்லை.

“சொல்லப் போறப்போ,” என்றாள், “உங்களுக்குத் துணையா எது இருக்கும்னு நினைக்கிறீங்க?”

கேட்டவர் பெரிய சிஸ்டர் அல்லவா? மியூட்டு மறுபடி உட்கார்ந்தாள். யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள், பாவம். “எங்க அம்மா,” என்றாள். அம்மாவைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னாள். உத்தரவம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. இருபத்தைந்து. அதற்கு மேலும் நாலு நொடி, எதற்கும் இருக்கட்டும் என்று.

பதிவை நிறுத்திய விரலை எடுக்குமுன்பே ஆள் மாறிவிட்டாள்.

“எழுந்திரு. அந்த இன்டர்காமை எடு. நாலாம் மாடிக்குப் போடு, எடுக்கிற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு. ஏழாம் பெட்டுக்கு சுகர் பாரு, குளுக்கோஸ் ரெடி பண்ணுன்னு சொல்லு. சத்தமா சொல்லு. நான் மேல போறேன்.”

லிஃப்டுக்குள் ஒரு ஸ்ட்ரெச்சர் பாதி ஏறிப் பாதி வெளியே சிக்கிக்கொண்டு நின்றது. அவள் நிற்கவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் மாடிவரை கால் பொறுத்தது. இரண்டாம் மாடியில் முழங்காலுக்குள் ஊசி குத்தினது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ‘ஐயோ’ என்று வாய்விட்டே சொன்னாள். வலிக்காகச் சொன்னாளா வேறெதற்காவது சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. மேலே யாரோ பேசிக்கொண்டிருந்ததால் இன்டர்காம் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மருந்தகத்தோடு கையுறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

“ஏழாம் பெட்டா? தூங்கறார் சிஸ்டர், காலையிலேர்ந்து நல்ல தூக்கம்” என்றாள் அங்கே இருந்த நர்ஸ்.

உத்தரவம்மா அவர் நெற்றியில் கை வைத்தாள். ஈரம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, தலையணை நனைந்திருந்தது. தட்டினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். தையல்காரர் கண்ணைப் பாதி திறந்து, யாரையோ பார்த்து, “காலர் சின்னதா வெட்டிட்டேன், காலர் சின்னதா வெட்டிட்டேன்” என்றார். விரலில் குத்திப் பார்த்தார்கள். முப்பத்தொன்று. எழுபதுக்குக் குறையக் கூடாத இடத்தில் முப்பத்தொன்று.

“குளுக்கோஸ் எடு. டாக்டரைக் கூப்பிடு. அந்தக் கையைப் பிடி, ஆடாம பிடி.” பதினொரு வருஷ உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊசிக்குழாயில் இருந்தது மெல்ல மெல்ல நரம்புக்குள் இறங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு வரைக்கும் அல்ல, எவ்வளவோ வரைக்கும். அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே ஒரு நினைப்பு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

தையல்காரர் கண்ணை முழுசாகத் திறந்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “ஸ்கேன் முடிஞ்சிடுச்சா?” என்றார்.

“இல்லீங்கய்யா,” என்றாள் உத்தரவம்மா. பக்கத்துப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளிப் படுக்கையில் உட்காராதே என்று ஆயிரம் பேரைத் திட்டியிருப்பாள்.

டூட்டி டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல வேளை. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா வலிப்பு வந்திருக்கும்.” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

பதினொன்றரைக்கு நாலாம் மாடி நர்ஸ்கள் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மியூட்டு ஒரு மூலையில் சம்பவ அறிக்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் தவறு நடந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தரவேண்டிய படிவம் அது. இன்சார்ஜ் வாசல் பக்கமாக நின்று எங்கோ போனில் பேசிக்கொண்டிருந்தார். உத்தரவம்மா முன்னாலும் ஒரு படிவம் இருந்தது. பக்கத்தில் கைபேசி. அதில் இருபத்தைந்து நிமிடம் நாலு நொடிப் பதிவு, பத்திரமாக. மென்டரிடமிருந்து இரண்டு செய்தி வந்திருந்தது. ‘அனுப்பியாச்சா?’ ‘சிஸ்டர், இன்னும் அரை மணி நேரம்தான்.’

மியூட்டு பேனாவை மூடினாள். முகம் வீங்கியிருந்தாலும் தெளிவாக இருந்தது.

“சிஸ்டர், அந்தப் பதிவை நீங்க அனுப்புங்க. நான்தான் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேனே. அவங்க ரகசியமாதான வெச்சுக்குவாங்க? எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பாஸ் ஆகணும்.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்க மட்டும் அப்படி என்ன ஏதுன்னு பாய்ஞ்சு கேட்டிருந்தா நான் பயந்து வேற எதையாவது சொல்லியிருப்பேன். நானா சொல்ற வரைக்கும் காத்திருந்தீங்க. எனக்காக இதுவரைக்கும் யாரும் அப்படிக் காத்திருந்ததில்ல சிஸ்டர்.”

உத்தரவம்மா கைபேசியைப் பார்த்தாள். அனுப்பு என்கிற பொத்தான் நீலமாக இருந்தது. ஒரு தொடல்தான். இதற்கு முன் எந்தப் பதிவிலும் அவள் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. மதிப்பிடுகிறவர்கள் கேட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மேலே போனால் தனி அறை, கதவில் பெயர்ப்பலகை, மனுஷர்கள். கீழே போனால் வெளுத்த துணி.

“உனக்காகக் காத்திருக்கல,” என்றாள்.

“என்ன சிஸ்டர்?”

“நீ ஊசி போட்டேன்னு சொன்னப்போ இருபத்தொரு நிமிஷம் ஆகியிருந்துச்சு. பதிவு இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கணும். இல்லன்னா எடுத்துக்க மாட்டாங்க. அதுக்காகக் காத்திருந்தேன்.”

மியூட்டுவுக்கு உடனே புரியவில்லை. புரிய ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாலு மாடி ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“நான் எழுந்தேனே சிஸ்டர்,” என்றாள். குரல் எப்போதும்போல மெல்லிசாகத்தான் வந்தது. “போறேன்னு எழுந்தேனே. நீங்கதான மறுபடி உட்கார வெச்சீங்க?”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான்.”

மியூட்டு தன் படிவத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். உத்தரவம்மாவுக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இன்சார்ஜ் போனை வைத்துவிட்டு வந்தார். உத்தரவம்மாவும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒருத்தரையொருத்தர் வா போ என்று பேசிக்கொள்பவர்கள். படிவத்தை எட்டிப் பார்த்தார். அதில் ‘தகவல் தெரிந்த நேரம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘நடவடிக்கை எடுத்த நேரம்’ என்ற கட்டத்தில் பத்து என்று எழுதியிருந்தது.

“இன்னும் எழுதலியா? ரெண்டுலயும் பத்துன்னு போட்டு முடி. உன்னாலதான் அந்த மனுஷன் பிழைச்சான். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன். கோச் வேலை உனக்குத்தான்னு நிர்வாக அதிகாரியே சொல்லிட்டாரு.”

“பத்து இல்ல. ஒன்பது அம்பத்தாறு.”

“சரி, பேச்சு முடிஞ்சு நீ ஓடி வர நாலு நிமிஷம்...” இன்சார்ஜுக்குப் பாதியில் ஏதோ தட்டியது. மியூட்டுவைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “எதுவா இருந்தாலும் இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது? அப்படி எழுதினா அந்த வேலையும் போகும், மெமோவும் வரும். பத்துன்னு போடு.”

மூலையில் மியூட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் வாயிலிருந்து ‘நிறுத்தியாச்சு’ என்று வந்ததும் இதே அறைக்கு வெளியில்தான், இதே இன்சார்ஜுக்கு முன்னால்தான்.

உத்தரவம்மா பேனாவைத் திறந்து 9.56 என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் 10.00 சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு விட்டிருந்தார்கள்: ‘இடைப்பட்ட நேரத்துக்குக் காரணம்’. வழக்கமாக இந்தக் கோட்டில் லிஃப்ட் வரவில்லை, போன் எடுக்கவில்லை என்று எழுதுவார்கள். மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது, மென்டர்தான் கூப்பிடுகிறார். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு அந்தக் கோட்டில், குழந்தைகூடப் படிக்கிற மாதிரி முத்து முத்தான எழுத்தில், ‘என் தேர்வுக்குப் பதிவு இருபத்தைந்து நிமிடம் ஆக வேண்டியிருந்தது. போக எழுந்த நர்ஸை நான் உட்கார வைத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தை இன்சார்ஜிடம் தரவில்லை. மியூட்டுவிடம் நீட்டினாள்.

“படிச்சுப் பாரு,” என்றாள். “ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லு.”